இனாம்: கொடைக்கும் உரிமைக்கும் இடையே ஒரு சொல்

தீபாவளி நாள் விடியற்காலையில் எண்ணெய்க் குளியல் முடிந்து, புத்தாடை உடுத்தி, பலகாரத் தட்டு கூடத்திற்கு வரும் நேரத்தில் வாயிற்படியில் ஒரு குரல் கேட்கும். தெருக் கூட்டுபவர், கடிதம் கொணர்பவர், இரவுக் காவல் புரிபவர் என ஒருவர் மாற்றி ஒருவர் வந்து நிற்பர். அவர்கள் கேட்பது ஒன்றே. அதன் பெயர் ‘தீபாவளி இனாம்’. பொங்கலுக்கும் அஃதே. கேட்பவர் அதனைப் பிச்சையாகக் கருதுவதில்லை. கொடுப்பவர் அதனைக் கூலியாகக் கருதுவதில்லை. ஆண்டு முழுதும் செய்த பணிக்கு முறையான ஊதியம் வேறிடத்திலிருந்து வந்துவிட்டது. எனினும் இந்தச் சிறு தொகை கைம்மாறாமல் போனால் இரு தரப்பிலும் ஏதோ ஒரு குறை எஞ்சுகிறது.

அக்குறை எத்தகையது? கொடையில் நேர்ந்த குறையா, உரிமையில் நேர்ந்த குறையா? இவ்வினாவிற்கு விடை காண முயலும் எவரும் அச்சொல்லின் வரலாற்றுக்குள் நுழைந்தே ஆகவேண்டும். ஏனெனில் இன்று வாயிற்படியில் ஒரு நாணயத்திற்கோ ஒரு தாளுக்கோ பெயராக நிற்கும் ‘இனாம்’ என்னும் சொல், ஒரு காலத்தில் முழு ஊர்களையே குறித்தது. திருச்சிராப்பள்ளிப் பகுதியில் இனாம்குளத்தூரும், கோவிற்பட்டியருகே இனாம் மணியாச்சியும், கரூரையொட்டி இனாம் கரூரும், விருதுநகர்ப் பகுதியில் இனாம் ரெட்டியபட்டியும் இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கின்றன. பண்டிகைக் காசுக்கும் ஊர்ப் பெயருக்கும் பொதுவாக ஒரு சொல் அமைந்தது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சொல்லின் பிறப்பு

‘இனாம்’ அரபுமொழிச் சொல். அருள், நலம், பேறு என்னும் பொருள்களைத் தரும் வேரடியிலிருந்து பிறந்தது. ‘நிஃமத்’ என்னும் சொல்லும் அவ்வேரினின்று தோன்றியதே. எனவே ‘இனாம்’ என்பதன் முதற்பொருள் ‘அருளுதல்’ என்பதாகும். அரபு நாட்டிலிருந்து அது நேரே தமிழகம் வந்ததில்லை. பாரசீக அரசவை மொழி வழியாகத் தக்காணத்துச் சுல்தான்களின் ஆட்சிக்கும், அங்கிருந்து மராத்திய ஆட்சிக்கும், முகலாய அதிகாரிகளின் கணக்கேடுகளுக்கும் பரவியது. 1676 முதல் 1855 வரை தஞ்சையில் நிலவிய மராத்திய ஆட்சியும், 18ஆம் நூற்றாண்டில் ஆர்க்காட்டு நவாபுகள் நடத்திய வருவாய் நிர்வாகமும் இத்தகைய சொற்களைத் தமிழ் நாட்டுப்புறத்தின் அன்றாட வழக்கில் ஊன்றின. வசூல், பாக்கி, ரத்து, ஜில்லா, தாசில்தார், மிராசு முதலிய சொற்கள் வந்த வழியே இனாமும் வந்தது எனலாம்.

அதனுடன் உடன்பிறப்பைப் போல் இரு சொற்கள் வந்தன. ஒன்று ‘பக்ஷீஸ்’. பாரசீகத்தில் ‘கொடுத்தல்’ என்னும் வினையினின்று பிறந்த பெயர் இது. அவ்வினைக்கே ‘மன்னித்தல்’ என்னும் பொருளும் உண்டு. மற்றொன்று ‘மாமூல்’. ‘செய்யப்பட்டது’, ‘நடைமுறையில் உள்ளது’ என்பது இவ்வரபுச் சொல்லின் பொருள். ‘மாமூல் நிலை திரும்பியது’ என்று செய்தித்தாள்கள் எழுதும்போது அப்பழம்பொருள் இன்றும் துலங்குகிறது. ஆயினும், கடைத்தெருவில் ‘மாமூல்’ என்றால் காவலருக்கும் அலுவலருக்கும் தவறாது செல்லும் கையூட்டு என்றே மக்கள் பொருள் கொள்கின்றனர். வழக்கம் என்னும் சொல்லே இலஞ்சத்திற்குப் பெயராயிற்று என்பது ஆழ்ந்து நோக்கத்தக்கது. அருள், கொடை, வழக்கம் என்னும் மூன்று நல்ல சொற்கள் மூன்று வகைப்பட்ட கைமாற்றங்களுக்குப் பெயராகி, ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில் தாழ்ந்தன.

இனாமுக்கு முன்

சொல் புதிதாயினும் பொருள் தமிழகத்திற்குப் புதிதன்று. சங்ககாலத்தில் புலவரும் பாணரும் பொருநரும் விறலியரும் பெற்றதற்குப் ‘பரிசில்’ என்று பெயர். அது கூலியன்று, எனினும் தகுதியறிந்து வழங்கப்பட வேண்டியது. இதனைப் பெருஞ்சித்திரனார் வாழ்வு தெளிவாகக் காட்டுகிறது. அதியமான் நெடுமான் அஞ்சியைக் காணச் சென்ற அவரை நேரிற் காணாமலேயே, இதனைக் கொண்டு செல்க என்று மன்னன் பொருளைக் கொடுத்தனுப்பினான். புலவர் அதனை ஏற்கவில்லை. தம்மைக் காணாது தந்த பொருளைப் பெற்றுச் செல்வதற்குத் தாம் வணிகர் அல்லர் என்பது அவருடைய மறுமொழியின் சாரம். அப்பாடல் புறநானூற்றில் 208ஆம் பாடலாக உள்ளது. இளவெளிமான் சிறிதளவே கொடுத்தபோதும் அவர் ஏற்கவில்லை. குமணனிடம் சென்று யானையைப் பரிசிலாகப் பெற்று வந்து, அதனை இளவெளிமானின் காவல்மரத்திலே கட்டிவிட்டு அவனிடம் அதைச் சொல்லிச் சென்றார் என்பதை 162ஆம் பாடலின் குறிப்பு உரைக்கிறது. வறுமையில் உழன்ற ஒரு புலவர் இருமுறை மறுத்தார். ஒருமுறை அளவு குறைந்ததற்காக, ஒருமுறை முகம் காணப்படாததற்காக. பரிசிலில் பொருளின் அளவோடு கொடுப்பவரின் பார்வையும் அடங்கியிருந்தது என்பது இதனால் பெறப்படும்.

திருக்குறள் ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு நில்லாமல், இரத்தலுக்கும் இரவச்சத்திற்கும் தனித்தனியே அதிகாரங்கள் வகுத்திருப்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. கொடுத்தலின் பெருமையைப் பேசிய அறநூல், கேட்டலின் துன்பத்தையும் அளந்து பார்த்திருக்கிறது.

சோழர் காலத்தில் நிலை வேறாயிற்று. அரசும் கோயிலும் பணிக்கு நிலத்தை அளித்தன. இறை செலுத்த வேண்டாத நிலம் ‘இறையிலி’ எனப்பட்டது. பணியின் பெயரால் நட்டுவக்காணி, சாக்கைக்காணி, தச்சக்காணி என நிலங்கள் வழங்கின. பார்ப்பனர்க்குப் பிரமதேயம், கோயிலுக்குத் தேவதானம், சமணப் பள்ளிக்குப் பள்ளிச்சந்தம் என்பன பெருவகைகள். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் பொறித்த கல்வெட்டு, 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு ஆளுக்கொரு வீடும் ஒரு பங்கும் அளித்ததைப் பெயர் பெயராகக் கூறுகிறது. ஒரு பங்கு என்பது ஆண்டுக்கு 100 கலம் நெல். பங்கு பெற்றவர் இறந்தாலோ வேறிடம் சென்றாலோ அவருக்கு அடுத்த உறவினர் அப்பணியைச் செய்து அப்பங்கைப் பெறுவதற்கும் அங்கே விதி வகுக்கப்பட்டுள்ளது. இங்கே கொடை, எழுதப்பட்ட உரிமையாக மாறிவிட்டது. மன்னனின் மனநிலையை நம்பி அப்பெண்டுகள் வாயிலில் நிற்க வேண்டியதில்லை. கல் அவர்களுக்காகப் பேசியது.

களத்துமேட்டில் ஒரு சொல்

ஊர்ப்பணியாளர் பெற்ற ஊதியத்தின் பெயர் இவ்வாராய்ச்சிக்கு மிக இன்றியமையாதது. அறுவடை முடிந்து நெல் களத்தில் குவிந்ததும், நிலத்துக்குரியவரும் அரசும் தத்தம் பங்கைப் பெறுமுன், பொதுக் குவியலிலிருந்து தச்சர், கொல்லர், நாவிதர், வண்ணார், வெட்டியான், தலையாரி, நீர் பாய்ச்சுபவர் முதலியோருக்கு அளந்து கொடுக்கப்பட்டது. இதற்குச் ‘சுதந்திரம்’ என்று பெயர். ‘மேரை’ என்றும் வழங்கிற்று. சென்னையில் ஆட்சியராயிருந்த தமிழறிஞர் எல்லிஸ், மிராசு உரிமை பற்றி எழுதி 1818இல் அச்சேறிய நூலும், அக்காலத்து வருவாய்த்துறை ஆவணங்களும் இத்தகைய உரிமைகளை விரிவாகப் பேசுகின்றன. ‘மிராசு’ என்பது மரபுரிமையைக் குறிக்கும் அரபுச் சொல். அதற்கு நேரான தமிழ்ச்சொல் ‘காணியாட்சி’ என்பதை எல்லிஸ் எடுத்துக்காட்டினார்.

நாட்டு விடுதலையைக் குறிக்க நாம் இன்று ஆளும் அதே சொல்லால், ஒரு சலவைத் தொழிலாளி களத்துமேட்டில் பெற்ற மரக்கால் நெல்லும் குறிக்கப்பட்டது. ‘தனக்குரியது’ என்னும் பொருளில் அது ஆளப்பட்டது. கொடுப்பவர் மனமுவந்தாலும் உவக்காவிட்டாலும் அளந்து போட்டாக வேண்டிய நெல் அது. சில பகுதிகளில் திருமணச் சடங்குகளில் நாவிதருக்கும் வண்ணாருக்கும் அளிக்கப்படும் முறைப்பொருளுக்கு இப்பெயர் வழங்கியதும் உண்டு.

இச்சுதந்திரத்தை மிகைப்படப் புகழ்தலும் ஆகாது. அந்நெல்லைப் பெற்றவர்கள் சாதியால் அப்பணியில் பிணிக்கப்பட்டிருந்தனர். வெட்டியானுக்குரிய நெல் வெட்டியானின் மகனையும் வெட்டியானாகவே வைத்தது. உரிமையின் பெயரைத் தாங்கிய அம்மரக்காலே விலங்காகவும் இருந்தது. ஆயினும் சொல்லளவில் ஒரு வேறுபாடு தெளிவாக இருந்தது: சுதந்திரம் என்றால் கேட்டுப் பெறலாம், இனாம் என்றால் கும்பிட்டுப் பெறவேண்டும்.

சனது எங்கே?

ஆங்கிலேயர் ஆட்சி இந்நிலங்களைக் கையகப்படுத்திக் கணக்கெழுதத் தொடங்கியபோது, பிரமதேயம், தேவதானம், மானியம், காணி என்று பலவாறாக வழங்கிய நிலங்கள் யாவும் ‘இனாம்’ என்னும் ஒரே குடையின்கீழ் வந்தன. 1802ஆம் ஆண்டின் 31ஆம் ஒழுங்குவிதி, வரியின்றி நிலத்தைத் துய்ப்போரின் உரிமையை ஆராய்வதற்கு வழிவகுத்தது. ஆராய்ச்சி என்றால் ஒரே கேள்விதான்: சனது எங்கே? அரசர் அருளியதற்கு எழுத்துச் சான்று வேண்டும். சோழன் கல்லில் எழுதினான். நாயக்கர் செப்பேட்டில் எழுதினர். ஆனால் எத்தனையோ ஊர்ப்பணியாளர்களின் நிலத்திற்கு ஊராரின் நினைவைத் தவிர வேறு சான்று இல்லை.

மும்பை மாகாணத்தில் 1852ஆம் ஆண்டின் 11ஆம் சட்டத்தின்படி நடைபெற்ற இனாம் ஆய்வு கடுமையாக இருந்தது. பல குடும்பங்கள் நிலத்தை இழந்தன. தென் மராத்தியப் பகுதியில் 1857ஆம் ஆண்டுக் காலத்தில் நிலவிய மனக்கசப்புக்கு அதுவும் ஒரு காரணமாயிற்று. சென்னை மாகாணம் வேறு வழியை மேற்கொண்டது. 1858இல் ஜி. என். டெய்லர் தலைமையில் இனாம் ஆணையம் அமைந்தது. 1859இல் அதற்கான விதிகள் வகுக்கப்பட்டன. 50 ஆண்டுகள் தொடர்ந்து துய்த்து வந்த இனாமின் மூலத்தைத் துருவி ஆராய்வதில்லை என்னும் மென்மையான அணுகுமுறை கையாளப்பட்டது. இனாம்தாரர் ஆண்டுதோறும் ஒரு சிறு நிலையான தொகையை அரசுக்குச் செலுத்த ஒப்புக்கொண்டால், நிலத்தைத் தம் விருப்பம்போல் விற்கவும் மரபுரிமையாக விடவும் உரிமை பெற்றார். அதற்கு உரிமைப் பட்டயம் வழங்கப்பட்டது.

அவ்வாணையம் தொகுத்த ‘இனாம் ஃபேர் ரிஜிஸ்டர்’ என்னும் பதிவேடு தமிழ்நாட்டு வட்ட அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் இன்றும் பேசப்படும் ஆவணமாகும். தேவதாயம், தருமதாயம், பிரமதாயம், ஊழிய இனாம் என்று வகை பிரித்து, யாருக்கு, எதற்காக, யாரால் வழங்கப்பட்டது என்பதை அது பத்தி பத்தியாகக் கூறுகிறது. அதன் சான்றுக்கு மிகுந்த மதிப்பளிக்க வேண்டும் என்று இலண்டன் பிரிவி கவுன்சில் 1919இல் வலியுறுத்திற்று. கோயில் நிலம் யாருக்குரியது என்னும் வழக்குகள் நம் காலத்திலும் அப்பதிவேட்டின் ஒரு வரியைச் சுற்றியே சுழல்வதைக் காணலாம்.

அருளின் பெயரால் தொடங்கியது இவ்வாறு உறுதியான சொத்தாயிற்று. ஆனால் யாருக்குச் சொத்து என்னும் கேள்வி உடனே எழுந்தது. பட்டயம் பெற்றவர் இனாம்தாரர். அந்நிலத்தை ஏர்பூட்டி உழுதவர் வேறொருவர். பட்டயத்தால் இனாம்தாரரல்லாத பிறருடைய உரிமைகள் பாதிக்கப்படுவதாகக் கொள்ளலாகாது என 1869ஆம் ஆண்டின் 8ஆம் சட்டம் கூற வேண்டியதாயிற்று. அவ்வுழவருக்கு முழு இனாம் ஊர்களில் நிலைத்த குடியுரிமை கிடைக்க 1936ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

பொட்டும் நிலமும்

இனாமின் வரலாற்றில் மிக நுண்ணிய ஓர் அத்தியாயம் பெண்களைப் பற்றியது. கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்பட்ட பெண்டிர் நாட்டியத்திற்கும் பாட்டிற்கும் பிற கோயிற் பணிகளுக்கும் ஊழிய இனாமாக நிலம் பெற்றிருந்தனர். பணி நின்றால் நிலம் போகும். தாய் தன் மகளைப் பொட்டுக்கட்டும் வழக்கத்திலிருந்து மீட்க விரும்பினாலும், அவ்வாறு மீட்டால் அடுப்பில் உலை ஏறாது. சமயம், மரபு, மானம் என்று மேடைகளில் பேசப்பட்ட சிக்கலின் அடியில் ஓர் எளிய பொருளாதார முடிச்சு இருந்தது. இனாம் நிலமே அம்முடிச்சு.

சென்னைச் சட்டமேலவையின் முதற்பெண் உறுப்பினரான மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி அதனைச் சரியாக இனங்கண்டார். அவருடைய முயற்சியால் நிறைவேறிய 1929ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம், அந்நிலங்களைக் கோயிற்பணியிலிருந்து விடுவித்தது. பணி செய்யாவிடினும் நிலத்தை இழக்க வேண்டியதில்லை என்னும் நிலை அதனால் உண்டாயிற்று. பொட்டுக்கட்டும் வழக்கத்தையே தடைசெய்த சட்டம் 1947இல்தான் வந்தது. அதற்கு 18 ஆண்டுகளுக்கு முன்பே, கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்கும் வேலை நிலத்தில் தொடங்கிவிட்டது. ஒழுக்கத்தைப் பற்றிய உரைகளை விட, ஒரு பட்டயத்தில் நிகழ்ந்த மாற்றம் பல குடும்பங்களுக்கு வழி திறந்தது எனின் மிகையாகாது. நிபந்தனையோடு வந்த அருள் நிபந்தனையற்ற உரிமையாக மாறியபோதுதான் அப்பெண்டிர் தம் மகளிரைப் பள்ளிக்கு அனுப்பத் துணிய முடிந்தது.

நிலம் போயிற்று, சொல் நின்றது

விடுதலைக்குப் பின் இனாம் முறைக்கு முடிவு வந்தது. 1948ஆம் ஆண்டின் 26ஆம் சட்டம் ஜமீன்களோடு இனாம் எஸ்டேட்டுகள் பலவற்றையும் ஒழித்தது. எஞ்சியவற்றை 1963ஆம் ஆண்டின் 26ஆம் சட்டமும் 30ஆம் சட்டமும் ஒழித்து, அந்நிலங்களை ரயத்துவாரி முறைக்குக் கொணர்ந்தன. மரபுவழியில் வந்த கணக்குப்பிள்ளை, முன்சீப்பு முதலிய ஊர்ப்பதவிகள் 1980இல் நீக்கப்பட்டன. அவற்றினிடத்தில் தேர்வு வழியாக வரும் கிராம நிர்வாக அலுவலர் அமர்ந்தார். 1858இல் அமைந்த ஆணையம் எழுதிய பதிவேடு வழக்குகளில் மட்டும் வாழ்கிறது.

நிலம் நீங்கிய பின்னும் சொல் நீங்கவில்லை, சுருங்கிற்று. இனாம் என்பதற்கு இன்று இரு பொருள்கள் நிலைத்துள்ளன. ஒன்று, பணியாளருக்குப் பண்டிகை நாளில் அளிக்கும் சிறுதொகை. மற்றொன்று, விலை கொடாமல் கிடைப்பது. ‘ஒன்று வாங்கினால் ஒன்று இனாம்’ என்னும் கடை விளம்பரத்தில் தோன்றுவது. ‘இனாமாகக் கிடைத்தால் எதையும் வாங்குவான்’ என்னும் பேச்சில் இகழ்ச்சிக் குறிப்பும் சேர்ந்துவிட்டது. ஊரையே குறித்த சொல், சோப்புக் கட்டியோடு வரும் பிளாஸ்டிக் கரண்டியைக் குறிக்கும் அளவுக்கு இறங்கிவிட்டது.

உணவு விடுதிகளில் அதன் இடத்தை ‘டிப்ஸ்’ பிடித்துக்கொண்டது. விரைந்து பணிபுரிவதற்கான உறுதி என்னும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளால் இச்சொல் அமைந்தது என்று கூறப்படுவது கட்டுக்கதையே. 17ஆம் நூற்றாண்டில் திருடர்களின் குழூஉக்குறியில் ‘கொடு, கைமாற்று’ என்னும் பொருளில் வழங்கிய சொல்லே அது. பிரெஞ்சு மொழியில் இதற்குக் ‘குடிப்பதற்கு’ என்றும், செருமானிய மொழியில் ‘குடிப்பணம்’ என்றும் பொருள்படும் சொற்கள் உள்ளன. தமிழில் ‘காப்பிச் செலவு’, ‘டீச் செலவு’ என்று கேட்கும் வழக்கம் இவற்றோடு ஒப்புநோக்கத்தக்கது. எங்கும் மனிதர் காசைக் காசென்று கேட்கக் கூசுகின்றனர். ஒரு மிடறு பானத்தின் பின்னே அதனை மறைத்துக் கேட்கின்றனர். ‘சந்தோஷமாகப் பார்த்துக் கொடுங்கள்’ என்னும் வேண்டுதலிலும் தொகையின் பெயர் இல்லை; கொடுப்பவரின் மனநிலை மட்டுமே உள்ளது. பெருஞ்சித்திரனார் மறுத்த நிலைக்கு நேர்மாறான நிலை அது.

நீதிமன்றம் கண்ட பொருள்

இச்சிறு தொகை யாருடையது என்னும் கேள்வி உச்சநீதிமன்றம் வரை சென்றதுண்டு. விருந்தினர் பில்லோடு சேர்த்துச் செலுத்தி, விடுதி நிர்வாகம் பின்னர் ஊழியருக்குப் பகிர்ந்தளிக்கும் தொகை ஊதியமாகுமா என்னும் வருமானவரி வழக்கில் 2016இல் தீர்ப்பு வந்தது. அத்தொகை முதலாளி தருவதன்று, விருந்தினர் தருவது. நிர்வாகம் அதனை நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருந்து கொடுக்கிறது. ஆகவே அது சம்பளமாகாது என்று நீதிமன்றம் கூறிற்று. பணியாளரின் பெயரால் வந்த பணம் பணியாளருக்கே உரியது என்னும் கருத்து இதில் உள்ளடங்கியுள்ளது. ஆயினும் இதன் மறுபக்கத்தையும் காணவேண்டும். சம்பளம் அன்று எனின், வருங்கால வைப்புநிதி, போனஸ் முதலிய ஊழியர் பாதுகாப்புகளின் கணக்கிலும் அது சேருவது அரிது. விருந்தினரின் மகிழ்ச்சியை நம்பி வாழும் பணியாளருக்கு முதுமையில் விருந்தினர் எவரும் ஓய்வூதியம் தருவதில்லை.

பில்லில் தானாகவே சேர்க்கப்படும் ‘சேவைக் கட்டணம்’ இதற்கு மாற்றாகலாம் என்று சிலர் கருதினர். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், உணவகங்கள் அவ்வாறு தாமாகச் சேர்த்தல் கூடாது என்றன. அந்நெறிகளைத் தில்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதிசெய்தது. மனமுவந்து தருவதைக் கட்டாயமாக்கலாகாது என்பது நுகர்வோர் நோக்கில் சரியே. ஆனால் அதன் பின்னேயுள்ள வேறு ஒரு கேள்வி அங்கு எழவில்லை: தட்டேந்தும் கைக்குரிய முழு ஊதியத்தையும் விடுதி தருகிறதா என்பது அக்கேள்வி. தந்தால் இனாம் அன்பின் அடையாளமாக நிற்கும். தராவிடில் இனாம் முதலாளியின் பற்றாக்குறையை மேசையிலமர்ந்தவர் தலையில் சுமத்தும் வழியாகிவிடும்.

அரசின் கொடைகளைக் குறிப்பதிலும் இச்சொற்போர் நிகழ்ந்ததைக் காண்கிறோம். 2011இல் தமிழக அரசு மடிக்கணினி, அரிசி முதலியவற்றை வழங்கிய திட்டங்களுக்கு ‘இலவசம்’ என்னும் சொல்லைத் தவிர்த்து ‘விலையில்லா’ என்னும் அடைமொழியைச் சூட்டிற்று. பெறுபவர் தலை குனியாதிருக்க ஒரு சொல்லைத் தேடிய முயற்சி அது. அதே பொருள் எதிர்த்தரப்பினர் வாயில் ‘இனாம்’ ஆயிற்று. நியாயவிலைக் கடை வரிசையில் நின்றவருக்கு அது அரிசியாகவே இருந்தது.

முடிவாக

இனாம் என்னும் சொல்லின் வரலாறு மூன்று உண்மைகளைப் புலப்படுத்துகிறது. முதலாவது, அருளாகத் தொடங்கிய கொடை எழுத்தில் ஏறியபோதெல்லாம் உரிமையாயிற்று: இராசராசனின் கல்வெட்டும், 1858இன் ஆணையப் பதிவேடும், 1929இன் சட்டமும் இதற்குச் சான்று. இரண்டாவது, எழுத்தில் ஏறாத உழைப்பு என்றும் அருளை நம்பியே நின்றது: இனாம் நிலத்தை உழுதவரும், களத்துமேட்டில் கைகட்டி நின்றவரும், இன்று உணவு விடுதியில் மேசை துடைப்பவரும் இதற்குச் சான்று. மூன்றாவது, பெயர்கள் நடுநிலையானவை அல்ல. ஒரே மரக்கால் நெல்லைச் சுதந்திரம் என்றபோது பெற்றவர் நிமிர்ந்து நின்றார்; இனாம் என்றபோது குனிந்து நின்றார்.

ஆதலின் தீபாவளிக் காலையில் வாயிற்படியில் எழும் அக்குரலுக்கு விடை இரு பகுதிகளாக அமையவேண்டும். ஆண்டு முழுதும் தெருவைத் துப்புரவு செய்த கைக்கு முறையான ஊதியம், நோய்க்கால விடுப்பு, முதுமைக்காப்பு ஆகியவை உரிமையாகக் கிடைக்கின்றனவா என்று கேட்பது முதற்பகுதி. அதனைப் பண்டிகைக் காசால் ஈடுசெய்தல் இயலாது. உரிமை நிறைந்த பின் தரும் காசு வேறு வகையது. அதற்கு இனாம் என்றும், பரிசில் என்றும், அன்பளிப்பு என்றும் எப்பெயரும் பொருந்தும். அதனைக் கதவிடுக்கு வழியே நீட்டாமல், குழந்தை கையில் கொடுத்தனுப்பாமல், கதவைத் திறந்து வந்து, வந்தவரின் பெயரைக் கேட்டு, ஒரு பலகாரத்தோடு கொடுப்பதே முறை. காணாது தந்த பொருளை அதியமானிடமே மறுத்த ஒரு புலவரைப் பெற்ற மொழி, இந்த அளவு மரியாதையை எதிர்பார்ப்பதில் தவறில்லை.